பகலவனுக்கு நாலு வயதில் ஒரு பெண்

பகலவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதை அவன் தங்கை சுபஸ்ரீக்கு ஞாபகப்படுத்தாத ஆளே மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கிடையாது. பால் எடுக்க வருகிறவர், கரும்பு வெட்ட ஆள் கூட்டி வருகிறவர், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முகம் தெரியாத அம்மாள் எல்லாருக்கும் ஒரே கேள்வி. "இன்னாம்மா, உங்கண்ணனுக்கு இன்னும் ஒண்ணும் அமையலியா?" அமைந்திருந்தால் உங்களுக்குப் பத்திரிகை வைத்திருக்க மாட்டோமா என்று நாக்கு நுனி வரைக்கும் வரும். விழுங்கிக்கொண்டு சிரித்து வைப்பாள்.

அவன் மேல் சொல்வதற்கு ஒரு குறையும் இல்லை. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஆள் பார்க்க லட்சணமாக இருப்பான். ஆனால் தொழில் கரும்பு. வந்த பெண் வீட்டாரெல்லாம் காப்பியைக் குடித்துவிட்டு, "பையன் டவுன்ல ஏதாச்சும் வேலையில இருந்தா நல்லா இருக்கும்" என்று சொல்லி எழுந்து போனார்கள். காப்பியில் இரண்டு கரண்டி சர்க்கரை போடச் சொல்லிக் குடித்துவிட்டுக் கரும்புக்காரனுக்குப் பெண் தரமாட்டோம் என்று சொல்கிற நெஞ்சழுத்தம் யாருக்காவது வருமா? வந்தவர்களுக்கெல்லாம் வந்தது. பகலவனுக்கு முப்பத்து மூன்று முடிந்துவிட்டது. அம்மா பச்சையம்மாள் வேண்டாத சாமி இல்லை.

சுபஸ்ரீ கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பிச்சைமுத்து நடத்துகிற திருமணத் தகவல் மையத்தில் வேலை பார்த்தாள். மையத்தின் வலைப்பக்கம் முழுக்க அவள் கைவேலை. இடது பக்கம் மாப்பிள்ளையின் போட்டோ, வலது பக்கம் விவரம். ஒருவருக்குக் கீழ் ஒருவராக நீளமாகப் போகும். பெயர் மட்டும் போடக்கூடாது. அது பிச்சைமுத்துவின் சட்டம். "பேரு போட்டா ஊர விசாரிச்சு நேரா வூட்டுக்கே போயிடுவாங்க. அப்புறம் நானு எதுக்கு?" என்பார். அதனால் யார் எவர் என்று தெரிய வழி ஒன்றுதான். எந்தப் போட்டோவுக்குப் பக்கத்தில் எந்த விவரம் இருக்கிறதோ, அது அந்த ஆளுடையது.

இப்படிப் போட்டோவும் எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க, படத்தை இடது ஓரமாக மிதக்கவிட வேண்டும். மிதக்கவிட்டால் எழுத்துகள் தாமாக அதன் வலது பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எழுத்து நீளமாக இருந்தால் ஒரு வம்பும் இல்லை. சீக்கிரம் முடிந்துவிட்டால்தான் வினை. போட்டோவுக்குப் பக்கத்தில் இடம் காலியாகக் கிடக்கும். உடனே அடுத்த ஆளின் விவரம் அதில் ஏறி உட்கார்ந்துவிடும். பஸ்ஸில் காலி சீட்டைக் கண்டால் நாம் விடுவோமா, அந்தக் கதைதான்.

மற்ற மாப்பிள்ளைகள் பற்றிக் கவலையில்லை. அவரவர் வீட்டில் பத்தி பத்தியாக எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாம் வகுப்பில் ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய பரிசைக்கூட விடவில்லை. பகலவனிடம் சுபஸ்ரீ கேட்டபோது அவன் மம்மட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"அண்ணா, உன்னப் பத்தி ஏதாச்சும் சொல்லு, போடணும்."

"விவசாயம்."

"அப்புறம்?"

"கரும்பு."

"அப்புறம்?"

"அம்மா கீது. நீ கீற."

அவ்வளவுதான் அவன் வாழ்க்கை வரலாறு. அதையே போட்டாள். அடுத்த ஆளின் விவரம் மேலே ஏறிவிடாமல் இருக்க, கீழே என்டரைத் தட்டித் தட்டி வெற்று வரிகளால் இடத்தை நிரப்பினாள். திரையில் பார்க்கக் கச்சிதமாக இருந்தது. முறையாகச் செய்ய ஒரே ஒரு வரி விதி போதும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அவசரத்துக்கு இது போதும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். அந்த அப்புறம் வரவே இல்லை.

அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் தியாகதுருகத்து சடையன் வந்தார். சின்னதாக நிலம் வைத்திருக்கிறவர். மகள் எழில்மதி கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். மையத்துக் கம்ப்யூட்டரில் பகலவனைப் பார்த்தார், ஜாதகம் வாங்கிப் போனார், பொருந்தியது என்றார். "எனக்கும் வெவசாயந்தான். வெவசாயின்னா எனக்கு ஆவாதா இன்னா?" என்று அவர் சொன்னதை சுபஸ்ரீ வீட்டுக்கு வந்து சொன்னபோது பச்சையம்மாள் சுவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். வெள்ளிக்கிழமை வீடு பார்க்க வருகிறோம் என்று பேச்சு. பகலவன் வாசல் கதவுக்கு யாரும் கேட்காமலே பெயிண்ட் அடித்தான்.

செவ்வாய்க்கிழமை காலையில் சடையன் மையத்துக்குள் நுழைந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கையிலிருந்த ஜாதகத்தை மேசை மேல் எறிந்தார்.

"ஏன்யா பிச்சமுத்து, அந்தப் பையனுக்கு நாலு வயசுல ஒரு பொண்ணு கீதாமே. எங்கய்யா ஒளிச்சு வெச்சிருக்கீங்க அத?"

பிச்சைமுத்து டீயைக் கீழே வைத்தார். "எந்தப் பையனுக்கு?"

"கரும்புக்காட்டுப் பையனுக்குத்தான்! மொதப் பொண்டாட்டி செத்துப்போச்சாம். ரெண்டாந்தாரத்துக்கா எம்பொண்ணக் கேட்டீங்க? மலையில ஒண்டியா வேலை பாக்குற பொண்ணுன்னா அவ்ளோ எளக்காரமா?"

"அய்யய்ய, யாரு சொன்னாங்க? இத பாருங்க" என்று பிச்சைமுத்து கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். விவசாயம், கரும்பு, அம்மா, தங்கை. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

சடையன் தன் போனை எடுத்து அதே பக்கத்தைத் திறந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். "அப்ப இது இன்னா?"

சுபஸ்ரீ எட்டிப் பார்த்தாள். போனில் பகலவன் நீலச் சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவனுடைய மூன்று வரி. கொஞ்சம் இடைவெளி. அதற்குக் கீழே, அவன் முழங்காலுக்கு நேராக: முதல் மனைவி காலமாகிவிட்டார். நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. குழந்தையைத் தன் குழந்தையாக வளர்க்கும் மனமுள்ள பெண் தேவை.

"மாமா, இது அடுத்த ஆளோடது!" என்று சுபஸ்ரீ கத்தினாள். "கீழ இருக்க வேண்டியது மேல ஏறிடுச்சு!"

"ஏறிடுச்சா? அதுக்கு இன்னா, காலு கீதா?" என்றார் சடையன். "கம்ப்யூட்டர்ல ஒண்ணு, போன்ல ஒண்ணு. நான் வந்து கேட்டதும் இங்க அழிச்சிட்டுக் காட்றீங்க. ஏமாத்துறதுக்குன்னே கட போட்டுக்கினு உக்காந்திருக்கீங்களா?" போய்விட்டார். தெருமுனை வரை அவர் குரல் கேட்டது.

போன வாரம்தான் பிச்சைமுத்து, "போன்ல மூஞ்சே தெரியலன்னு எல்லாரும் சொல்றாங்க, போட்டோவப் பெருசாப் போடும்மா" என்றிருந்தார். சுபஸ்ரீ போனுக்கு மட்டும் படங்களைப் பெரிதாக்கினாள். மேலே இருந்த இரண்டு மூன்று பேரைப் பார்த்தாள், சரியாக இருந்தது, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று ஓடிவிட்டாள். சின்னப் போட்டோவுக்குப் போட்ட வெற்று வரிகள் பெரிய போட்டோவுக்குப் பற்றவில்லை. வளவளவென்று எழுதியவர்கள் எல்லாரும் தப்பித்துக்கொண்டார்கள். வாயில்லாத அண்ணன் மாட்டிக்கொண்டான். ஊரான் வலைப்பக்கத்தில் இது நடந்திருந்தால்கூட மனசு ஆறும். சொந்தத் தங்கச்சி, தன் கையாலேயே செய்து வைத்தாள்.

உடனே திருத்தப் போனாள். "தொடாத!" என்றார் பிச்சைமுத்து. "இப்ப மாத்துனா இன்னா ஆவும்? மாட்டிக்கினதும் அழிச்சிட்டாங்கன்னு ஊரெல்லாம் சொல்லுவாரு. மொதல்ல அவங்களுக்குப் புரிய வையி. அப்புறம் மாத்து."

மனுஷன் சொன்னது நியாயம்தான். சுபஸ்ரீ கையை எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் பச்சையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "எவன் பெத்த புள்ளையையோ எம்புள்ள தலையில கட்டிட்டியேடி பாவி! ஆறு வருசமா அலைஞ்சி இப்பத்தான் ஒண்ணு கூடி வந்துது. அதையும் கெடுத்துட்டியே!"

பகலவன் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். "சரி வுடும்மா" என்றான்.

"சரி வுடுன்னா?" என்று சுபஸ்ரீக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. "திட்டேன் என்ன! நாலு வார்த்த திட்டினாத்தான் இன்னா?"

அவன் அவளைப் பார்த்தான். வாயைத் திறந்தான். திறந்த வாயில் ஒரு வாய் சோற்றை வைத்துக்கொண்டான். ஆனால் அந்த ஒரு வாயோடு எழுந்துவிட்டான், மிச்சத்தைச் சாப்பிடவில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் எழில்மதியின் எண்ணை பிச்சைமுத்துவிடம் வாங்கிப் பேசினாள். எடுத்த குரல் கறாராக இருந்தது. "ட்யூட்டில இருக்கேன். மத்தியானம் ஓ.பி. முடிஞ்சதும் வாங்க. போன்ல எதுவும் சொல்லாதீங்க, போன்ல பாத்ததே போதும்."

லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினாள். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, பஸ் மலைமேல் வளைந்து வளைந்து ஏறியது. வளைவுக்கு வளைவு அவள் மனசுக்குள் பேசிப் பார்த்த பேச்சும் மாறியது. பணிவாகப் பேசலாம் என்று தொடங்கி, காலில் விழலாம் என்பது வரை போய்விட்டாள். இறங்கியபோது ஒன்றுமே ஞாபகம் இல்லை.

எழில்மதி சுகாதார நிலையத்து வாசலில் நின்றிருந்தாள். ஒல்லியான உருவம், நேரான பார்வை.

"உங்க அண்ணன் வந்திருக்கலாம் இல்ல? நீங்க எதுக்கு வந்தீங்க?"

"அவரு வந்தா பேச மாட்டாருக்கா. பிரச்சினையே அதுதான்" என்றாள் சுபஸ்ரீ. யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது.

எழில்மதிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டாள். "ஒண்ணு சொல்லிடறேன். கொழந்த இருக்குதுன்னு எனக்குக் கோவம் இல்ல. மறைச்சிட்டாங்களேன்னுதான் கோவம்."

"கொழந்தையே இல்லக்கா. நீங்க என்ன நம்ப வேணாம். உங்க போன்லயே காட்றேன். சிக்னல் எங்க கெடைக்கும்?"

சிக்னல் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் கிடைத்தது. தொட்டிக்குக் கீழே இருந்த சிமெண்டு மேடையில் இருவரும் உட்கார்ந்தார்கள். சுபஸ்ரீ லேப்டாப்பைத் திறந்து எழில்மதியின் மடியில் வைத்தாள். எழில்மதியின் போனில் பகலவன் அதே நீலச் சட்டையோடு, அந்த நாலு வயதுக் குழந்தையோடு நின்றிருந்தான்.

"அண்ணன் கம்மியா பேசினதால பக்கத்துல எடம் காலியா கெடக்குது. அதுலதான் அடுத்தவரோடது ஏறி உக்காந்துடுச்சு. இப்ப நீங்களே அண்ணனப் பத்திக் கேளுங்க. நான் சொல்றேன், நீங்களே அடிங்க. எடம் நெறைய நெறைய அது கீழ எறங்கும் பாருங்க."

எழில்மதி அவளைச் சந்தேகமாகப் பார்த்தாள். ஆனாலும் கேட்டாள். "இன்னா படிச்சிருக்காரு?"

"பி.எஸ்சி. வேல தேடிக்கினு இருந்தாரு. அப்பா தவறினதும் நெலத்துக்கு வந்துட்டாரு. என்னப் படிக்க வெச்சது அவருதான்."

எழில்மதி அடித்தாள். சுபஸ்ரீ அதை வலைப்பக்கத்தில் ஏற்றினாள். போனைப் புதுப்பித்துப் பார்த்தார்கள். காலமான மனைவி இரண்டு வரி கீழே இறங்கியிருந்தாள்.

"அட!" என்றாள் எழில்மதி. லேப்டாப்பை இன்னும் கிட்டத்தில் இழுத்துக்கொண்டாள். "சரி, கோவம் வருமா?"

"எங்க வூட்ல கோவம் மொத்தமும் எங்கிட்டதான் கீது. மில்லுல கரும்பு வண்டி வரிசையில யாராச்சும் அவசரம்னு சொன்னா முன்னாடி வுட்டுட்டு இவரு பின்னாடி நிப்பாரு. அம்மா திட்டும். சிரிச்சிக்குவாரு."

"சமைக்கத் தெரியுமா?"

"அம்மாவுக்கு முட்டி வலி. காலையில சோறு வடிக்கிறது அவருதான். கொழம்புல மட்டும் உப்பு ஜாஸ்தியாப் போடுவாரு, அத மறைக்க விரும்பல."

எழில்மதி உப்பையும் சேர்த்து அடித்தாள். முதல் மனைவி பகலவனின் கால்மாட்டுக்குப் போய்விட்டாள். குழந்தை மட்டும் இன்னும் விடாமல் அவன் செருப்பு ஓரத்தில் நின்றது. எழில்மதி கேட்கக் கேட்க சுபஸ்ரீ சொல்லிக்கொண்டே போனாள். அண்ணனைப் பற்றி இவ்வளவு தூரம் யாரிடமும் பேசியதில்லை, யாரும் கேட்டதும் இல்லை. சொல்லும்போதே, இதையெல்லாம் அன்றைக்கே எழுதியிருக்கலாமே, கூடவே இருக்கிறவளுக்குத் தோன்றவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

கடைசியாக ஒருமுறை புதுப்பித்தபோது குழந்தையும் கீழே இறங்கியது. இறங்கி, மீசை வைத்த வேறொரு மனிதரின் போட்டோவுக்குப் பக்கத்தில் போய் நின்றது. முதல் மனைவியும் அங்கேயே இருந்தாள். எல்லாரும் அவரவர் இடத்தில்.

"அய்யய்யோ, இவரோடதா!" என்று எழில்மதி வாயில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சுபஸ்ரீக்கும் அப்போதுதான் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. அவளும் சிரித்தாள், கொஞ்சம் அழுதாள், மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு, முதலிலேயே போட்டிருக்க வேண்டிய அந்த ஒரு வரி விதியைப் போட்டாள். மேலே மிதக்கிற படம் முழுசாக முடிந்த பிறகுதான் அடுத்த ஆள் தொடங்க வேண்டும் என்கிற விதி. வெற்று வரிகளை ஒன்று விடாமல் அழித்தாள். சோதித்துப் பார்க்க, எழில்மதி அடித்ததையும் கொஞ்ச நேரம் எடுத்துவிட்டு, பழைய மூன்று வரியை மட்டும் வைத்துக் காட்டினாள். பகலவன் பக்கத்தில் இடம் காலியாகவே கிடந்தது. யாரும் ஏறி வரவில்லை.

"இனிமே அவரு எவ்ளோ கம்மியாப் பேசினாலும் அடுத்தவங்க சமாச்சாரம் அவரு மேல வராதுக்கா."

எழில்மதி அங்கேயே அப்பாவுக்குப் போன் போட்டாள். "அப்பா, நான் கண்ணால பாத்துட்டேன். என் கையாலயே அடிச்சிப் பாத்தேன். கொழந்த அவருக்கு இல்ல. வெள்ளிக்கிழம போயி வூட்டப் பாருங்க." அந்தப் பக்கத்திலிருந்து சடையன் நீளமாக ஏதோ சொன்னார். "ஆமாம்ப்பா, எழுத்துக்குக் காலு இருக்குதுதான். மேல ஏறினது இப்ப கீழ எறங்கிடுச்சு" என்று சொல்லி வைத்தாள்.

வைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து உள்ளே போனாள். ஒரு துணிக்கடைக் கவரோடு திரும்பி வந்தாள். உள்ளே மஞ்சள் நிறத்தில் ஒரு கவுன். இடுப்பில் சின்னதாக வெள்ளைப் பூக்கள். நாலு வயது அளவு.

"போன ஞாயித்துக்கெழம வாங்கினேன்" என்றாள். "வெள்ளிக்கிழம வூடு பாக்கப் போறப்ப அம்மா கிட்ட குடுத்து வுடலாம்னு. கொழந்த இருக்கற வூட்டுக்கு வெறுங்கையோட எப்படிப் போறது? அப்பாவுக்குத் தெரிஞ்சிதான் பேசறாருன்னு நெனச்சி நான் சரின்னுதான் சொன்னேன். அவருதான் ஏமாத்திட்டாங்கன்னு குதிச்சாரு. அப்புறந்தான் எனக்கும் கோவம் வந்துது."

சுபஸ்ரீ அந்த வெள்ளைப் பூக்களை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"நாலு நாளா அந்தக் கொழந்தைக்குப் பேரு இன்னாவா இருக்கும்னு யோசிச்சிக்கினே இருந்தேன். இப்ப இல்லன்னதும் நல்லாத்தான் இருக்குது. ஆனா ஒரு மாதிரியாவும் இருக்குது." எழில்மதி கவுனை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "இத இன்னா பண்றது?"

"அண்ணனையே கேப்போமா?" என்றாள் சுபஸ்ரீ. வேண்டாம் என்று எழில்மதி சொல்வதற்குள் அவனுக்குப் போன் போட்டுவிட்டாள். ஸ்பீக்கரில் வைத்து போனை எழில்மதியின் கையில் கொடுத்தாள். சுபஸ்ரீதான் எல்லாவற்றையும் சொன்னாள். சரியாகிவிட்டது, வெள்ளிக்கிழமை வருகிறார்கள், இப்படி ஒரு கவுன் வாங்கி வைத்திருக்கிறார்கள், பேசாமல் அந்த மீசைக்காரர் வீட்டுக் குழந்தைக்கே கொடுத்துவிடலாமா என்று கேட்டாள்.

அந்தப் பக்கம் டிராக்டர் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது. லைன் போய்விட்டதோ என்று சுபஸ்ரீ திரையைப் பார்த்தாள்.

"அந்தக் கொழந்தைக்கு வேற புதுசு வாங்கிக் குடுப்போம்" என்றான் பகலவன். "அத அவங்களையே எடுத்து வெக்கச் சொல்லு. நம்மளுக்கு வேணும்."

எழில்மதி போனைச் சட்டென்று சுபஸ்ரீயிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, கவுனைக் கவருக்குள் பத்திரமாக வைத்தாள்.